10 எம்பிபிஎஸ் போலீசிங் போட்டால் வேகம் 6-ஐத் தாண்டாதது ஏன்?
டர்பன் சாட்ஸ்வொர்த்தில் கோயில் மண்டபத்து விருந்தினர் வைஃபைக்கு சிஸ்கோ ரூட்டரில் 10 எம்பிபிஎஸ் போலீசிங் (வேக வரம்பு) போட்டும் பதிவிறக்கம் ஆறைத் தாண்டவில்லை என்கிறீர்கள். எந்தப் போக்குவரத்துக்கு வரம்பு என்று பிரிக்கும் கிளாஸ்-மேப் சரிதான், அதைத் தொட வேண்டாம். கோளாறு பர்ஸ்ட் அளவில், அதாவது ஒரே மூச்சில் எத்தனை பைட் விடலாம் என்பதில். 8000 பைட் வைத்திருக்கிறீர்களே, 1500 பைட் பாக்கெட் ஐந்து சேர்ந்து வந்தாலே தீர்ந்துவிடும். போலீசிங் எதையும் வரிசையில் நிறுத்தி வைக்காது. மிஞ்சியதை அங்கேயே எறிந்துவிடும். பதிவிறக்கத்தை நடத்தும் டிசிபி நெறிமுறை உடனே வேகத்தைக் குறைக்கும், மெல்ல ஏறும், மறுபடி அடி வாங்கும். ‘ஷோ பாலிசி-மேப் இன்டர்ஃபேஸ்’ கட்டளை கொடுத்தால் ‘எக்ஸீடட்’ (வரம்பை மிஞ்சியவை) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவது தெரியும்.

சிஸ்கோ சொல்லும் கணக்கு: நொடிக்கு எத்தனை பிட் என்ற வேகத்தை எட்டால் வகுத்து ஒன்றரையால் பெருக்குங்கள். உங்களுக்கு 18,75,000 பைட்.

அப்புறம், காவடித் திருவிழா நேரலையும் இதே லைனில் போகிறதென்றால் வெளியே போகும் பக்கத்துக்கு மிஞ்சியதை எறியாமல் வரிசையில் நிறுத்தி அனுப்பும் ஷேப்பிங்தான் என் தேர்வு. கொஞ்சம் தாமதமாகும், பரவாயில்லை. உள்ளே வரும் பக்கத்தில் அது கிடையாது, போலீசிங்தான்.