ஸ்கேன் சென்டர் யாருடையது, படம் பார்ப்பவர் யார்?

எம்.ஆர்.ஐ. எங்கே போனாலும் தரைத்தளத்தில், இல்லையென்றால் அடித்தளத்தில் இருக்கிறது. ஏன்?

முதல் காரணம் எடை. காந்தம் மட்டுமே சில டன் வரும். மாடியில் வைக்கவே முடியாது என்றில்லை. தளத்தைப் பலப்படுத்தி, சுவரைத் திறந்து, கிரேனில் ஏற்ற வேண்டும். அப்புறம் அதிர்வு. பக்கத்தில் லிஃப்டோ ரயில் பாதையோ இருந்தால் படத்தின் தரம் கெடும். வெளி ரேடியோ அலை நுழையாமலிருக்க அறை முழுக்கச் செம்புத் தகடு அடிக்க வேண்டும். காந்தத்தைக் குளிர்விக்கும் திரவ ஹீலியம் திடீரென்று ஆவியானால் அது வெளியேறத் தனிக் குழாயும் வேண்டும். (ஹீலியத்தை மூடி முத்திரையிட்ட புதிய ரகங்கள் சிலவற்றுக்கு இந்தக் குழாய் தேவையில்லை.)

மருத்துவமனைக்குள் இருக்கும் ஸ்கேன் பிரிவு மருத்துவமனையுடையதுதானே?

பல இடங்களில் அப்படி இல்லை. கட்டடம் மருத்துவமனையுடையது, இயந்திரம் வாடகைக்கு எடுத்தது, நடத்துவது வருமானத்தில் பங்கு கொடுக்கும் வேறொரு நிறுவனம், ரிப்போர்ட் எழுதுவது ஒப்பந்தத்தில் இருக்கும் ரேடியாலஜிஸ்ட் குழு என்று நான்கு கை சேர்ந்திருக்கலாம். இரவில் எடுத்த படத்தை, அங்கே பகலாக இருக்கும் இன்னொரு நாட்டில் உட்கார்ந்து ஒருவர் பார்ப்பதும் உண்டு. எந்த கம்பெனி இயந்திரத்தில் எடுத்தாலும் எங்கேயும் திறக்கலாம் என்ற நிலையை 1993-ல் வந்த டைகாம் (DICOM) என்ற, மருத்துவப் படக் கோப்புகளுக்கான பொதுத் தரம்தான் உருவாக்கியது.

முதலாளி யார் என்பதை விட, ரிப்போர்ட்டின் அடியில் யார் பெயர் இருக்கிறது, அவரிடம் உங்கள் பழைய படங்கள் இருந்தனவா என்று பாருங்கள். ‘ஒப்பிட முந்தைய படம் இல்லை’ என்று ஒரு வரி இருந்து, உங்கள் பையில் போன வருடப் படங்கள் பதிந்த சி.டி. தட்டு இருந்தால், அதைக் கொடுத்துத் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். நுரையீரலில் தெரியும் சின்னப் புள்ளி புதிதா பழையதா என்பதே அங்கே பாதித் தீர்ப்பு.

டாக்டர் தன் சொந்த சென்டருக்கே அனுப்புகிறார். தப்பா?

எல்லா நேரமும் தப்பில்லை; எலும்பு மருத்துவரிடம் எக்ஸ்-ரே இருப்பது உங்களுக்கும் வசதி. ஆனால் தேவையில்லாத ஸ்கேன் கூடும் என்ற கவலை நியாயமானது. அமெரிக்காவில் 1989-ல் ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்காக வந்த, டாக்டர் தனக்குப் பங்கிருக்கும் இடத்துக்கு நோயாளியை அனுப்புவதைத் தடுக்கும் ஸ்டார்க் சட்டத்தை 1993-ல் ஸ்கேனுக்கும் நீட்டித்தார்கள்; விதிவிலக்குகளும் வைத்தார்கள். “இந்த ஸ்கேன் முடிவால் சிகிச்சை மாறுமா?” என்று நேரே கேட்டுவிடுங்கள்.

பெட் ஸ்கேன் மட்டும் ஏன் சில ஊர்களில்தான்?

படமெடுக்க ஊசியில் போகும் கதிர்வீசும் பொருளான ஃப்ளோரின்-18, 110 நிமிடத்துக்கொருமுறை பாதியாகிவிடும். அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் என்ற இயந்திரம் சில மணி நேரப் பயண தூரத்துக்குள் இருந்தே ஆக வேண்டும். உங்களுக்குக் கொடுத்த நேரத்தைத் தவறவிடாதீர்கள். அந்த மருந்தை நாளைக்கு எடுத்து வைக்க முடியாது.