வேலைநிறுத்தப் பாட்டை வகுப்பில் எப்படி நடத்துவது?

கேள்வி: முதுகலை மாணவர்களுக்கு அமெரிக்க இலக்கியம் நடத்துகிறேன். அந்நாட்டுத் தொழிலாளர்களின் நாட்டுப்பாடல்களையும் பாடத்தில் சேர்த்திருக்கிறோம். திரும்பத் திரும்ப ஒரே வரி வருகிறதே என்று மாணவர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். இவற்றைக் கவிதையாக நடத்துவதா, வரலாறாக நடத்துவதா?
– பேராசிரியை ஒருவர், திருநெல்வேலி

பதில்: முதலில் பாட்டாகவே நடத்துங்கள். பல்லவி திரும்பத் திரும்ப வருவது, எழுத்தறியாதவரும் இரண்டாம் முறையிலேயே சேர்ந்து பாடுவதற்காக. பழகிய மெட்டைக் கடன் வாங்கியதும் அதற்காகத்தான். பசித்தவனுக்கு மறுமையில் விருந்து காட்டும் போதகரைக் கேலிசெய்து, தொழிற்சங்கப் பாடலாசிரியர் ஜோ ஹில் 1911இல் வெளியிட்ட பாட்டு, ஊரறிந்த கிறித்தவக் கீர்த்தனை ஒன்றின் மெட்டில் அமைந்தது. கீர்த்தனையை முதலில் ஒலிக்கவிட்டு, அடுத்து இந்தப் பாட்டை ஒலிக்கவிட்டால் உங்கள் விளக்கவுரை பாதியாகக் குறைந்துவிடும்.

பாடத்திட்டங்கள் பெரும்பாலும் புகழ்பெற்ற பாடகர்களிடமிருந்தே தொடங்குகின்றன. நானாக இருந்தால் வட கரோலைனாவின் பஞ்சாலைத் தொழிலாளி எல்லா மே விக்கின்ஸிடமிருந்து தொடங்குவேன். கக்குவான் இருமலில் கிடந்த பிள்ளைகளைக் கவனிக்கப் பகல் ஷிப்ட் கேட்டும் மில்லில் மறுத்துவிட்டதையும், நான்கு பிள்ளைகளைப் பறிகொடுத்ததையும் அவரே கூறியிருக்கிறார். பிள்ளைகளை முத்தமிட்டுவிட்டு மில்லுக்குப் புறப்படும் தாய், வாங்கிய கூலி மளிகைக் கடனுக்கே போய்விட, துணி எடுக்கக் காசில்லாமல் நிற்பதை அவர் பாட்டாகக் கட்டினார். 1929 செப்டம்பர் 14 அன்று காஸ்டோனியாவில் நடக்கவிருந்த சங்கக் கூட்டத்துக்கு லாரியில் சென்றபோது அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வழக்கில் நிறுத்தப்பட்டவர்கள் விடுதலையானார்கள். இதை அறிந்தபின் அந்த மளிகைக் கணக்கை எந்த மாணவரும் எளிய வரி என்று தள்ளிவிடமாட்டார்.

ஃபுளோரன்ஸ் ரீஸையும் விட்டுவிடாதீர்கள். 1931இல் கென்டக்கியின் ஹார்லன் மாவட்டச் சுரங்கப் போராட்டத்தின்போது, சங்கப் பொறுப்பிலிருந்த அவருடைய கணவரைத் தேடி ஷெரிஃபின் (மாவட்டக் காவல் தலைவரின்) ஆட்கள் வீட்டைக் குடைந்தார்கள். அதன்பின், சுவரிலிருந்த நாட்காட்டித் தாளைக் கிழித்து, ‘நீ எந்தப் பக்கம்’ என்று கேட்கும் பாட்டை அவர் எழுதினார். அதில் ஷெரிஃபின் பெயரே வருகிறது; ஆகவே அன்றைய செய்தித்தாள்களையும் உடன்வைத்துப் படிக்கச் செய்யுங்கள்.

தேர்வில் ‘ஆசிரியர் குறிப்பு வரைக’ என்று கேட்டுவிட்டால் இத்தனை உழைப்பும் வீண். அதற்குப் பதிலாக, தமக்குத் தெரிந்த தெம்மாங்கு மெட்டு ஒன்றில் இப்பாடல்களின் ஒரு கண்ணியைத் தமிழில் கட்டி, மெட்டு எங்கே இடறியது, ஏன் இடறியது என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். மதிப்பெண்ணைப் பாட்டுக்கல்ல, அந்த ஒரு பக்கத்துக்கே கொடுங்கள்.