கதிர் சிகிச்சைக்கு முன் ஆறு வாரக் கீமோ எதற்கு?

கேள்வி: டாக்டர், 46 வயதான என் அக்காவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், 2பி நிலை (கர்ப்பப்பை வாயைத் தாண்டி அருகிலுள்ள திசுவுக்குப் பரவியது) என்கிறார்கள். உடனே கரண்ட் (கதிர் சிகிச்சை) வைப்பார்கள் என்று நினைத்தோம். ஆனால் வாரம் ஒன்றாக ஆறு வாரம் கீமோ கொடுத்த பிறகே கதிர் சிகிச்சை என்று மருத்துவர் சொல்கிறார். அதற்குள் நோய் முற்றிவிடாதா? கீமோ முடிந்ததும் கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் கரண்ட் தேவையில்லை என்கிறார் ஓர் உறவினர். அது சரியா? – வாசகி, விழுப்புரம்

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது; மருத்துவர்களுக்கும் இதே தயக்கம் நெடுநாள் இருந்தது. 1999 முதல் இந்நோய்க்குக் கதிர் சிகிச்சையும் அத்துடன் வாரந்தோறும் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் என்பதே வழக்கமாக இருந்தது. கதிருக்கு முன்பே கீமோ கொடுத்துப் பார்த்த பழைய ஆய்வுகளில், ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே 14 நாளுக்கு மேல் இடைவெளி விட்டவை பாதகமான பலனையே காட்டின.

அந்த இடைவெளியைக் குறைத்து நடத்தப்பட்டதுதான் 2024இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான இன்டர்லேஸ் ஆய்வு. இந்தியா, பிரிட்டன், மெக்சிகோ, இத்தாலி, பிரேசில் ஆகிய நாடுகளைச் சேர்ந்த 500 பெண்கள் அதில் பங்கேற்றனர். ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சையும், மறுபாதியினருக்குக் கார்போபிளாட்டின், பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்துகளை ஆறு வாரம் கொடுத்து, ஏழாவது வாரமே அதே வழக்கமான சிகிச்சையும் தரப்பட்டன. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் முதல் பிரிவில் 72 சதவீதத்தினரும் இரண்டாம் பிரிவில் 80 சதவீதத்தினரும் உயிருடன் இருந்தனர். நூறு பேரில் கூடுதலாக எட்டுப் பேர் பிழைக்கிறார்கள்; அதுவும் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ள, ஒப்பீட்டளவில் விலை குறைந்த மருந்துகளால் என்பதை நான் பெரிய செய்தியாகவே கருதுகிறேன். ரத்த அணுக்கள் குறைவது முதலான கடுமையான பக்கவிளைவுகள் 48 சதவீதத்திலிருந்து 59 ஆக உயர்ந்ததையும் சொல்லியாக வேண்டும். எனவே அக்காவின் ரத்த அணுக்களையும் சிறுநீரகச் செயல்பாட்டையும் பார்த்தே மருத்துவர் முடிவு செய்வார்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது ஆறு வாரக் கீமோவைப் பற்றியல்ல, அதற்குப் பிறகு விழக்கூடிய இடைவெளியைப் பற்றியே. கதிர் சிகிச்சைக் கருவிக்குக் காத்திருப்போர் பட்டியல் இருக்கும் இடங்களில், ஏழாவது வாரத்துக்கான தேதியைக் கீமோ தொடங்கும்போதே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

உறவினர் சொல்லும் வழியை மும்பை டாடா நினைவு மருத்துவமனை 600க்கும் மேற்பட்ட பெண்களிடம் ஆராய்ந்து 2018இல் முடிவை வெளியிட்டது. கீமோவுக்குப் பின் அறுவை செய்தவர்களில் 69 சதவீதத்தினரும், கீமோவும் கதிரும் சேர்த்துப் பெற்றவர்களில் 77 சதவீதத்தினரும் ஐந்து ஆண்டுகள் நோயின்றி இருந்தனர். ஆகவே அக்காவுக்குக் கதிர் சிகிச்சையைத் தவிர்க்க வேண்டாம்.

கேள்வி: என் மகளுக்கு 12 வயதில், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் ஹெச்.பி.வி. வைரஸுக்கு எதிரான தடுப்பூசி ஒரு தவணை போட்டோம். பணி மாறுதலால் இரண்டாவது தவணை விட்டுப்போய் ஓராண்டு ஆகிறது. முதல் ஊசி வீணா? – வாசகர், கோவை

பதில்: வீணில்லை. இதற்கான சான்று நம் நாட்டிலேயே, எதிர்பாராத விதமாகக் கிடைத்தது. 2009இல் இங்கே இரண்டு தவணை போதுமா, மூன்று வேண்டுமா என்று அறியும் ஆய்வு தொடங்கியது. 2010இல் தடுப்பூசி ஆய்வுகளை அரசு நிறுத்திவைத்ததால், ஏறத்தாழ 5,000 சிறுமியர் ஒரு தவணையோடு நின்றுவிட்டனர். ஆய்வாளர்கள் அவர்களைக் கைவிடாமல் தொடர்ந்து கவனித்தார்கள். இப்புற்றுநோயை அதிகம் உண்டாக்கும் 16, 18 வகை ஹெச்.பி.வி. வைரஸ்களின் நீடித்த தொற்றிலிருந்து ஒரு தவணையே சுமார் 95 சதவீதப் பாதுகாப்புத் தந்ததும், அது இரண்டு மூன்று தவணைகளுக்குக் குறைந்ததல்ல என்பதும் 2021இல் வெளிவந்தன. ஆண்டுக்கணக்காகச் சளைக்காமல் வந்து மாதிரி கொடுத்த அந்தப் பெண்களுக்கு உலகமே கடன்பட்டிருக்கிறது. 9 முதல் 20 வயது வரை ஒரு தவணையும் ஏற்கத்தக்கதே என்று 2022இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

இரண்டாவது தவணையையும் போட விரும்பினால் இப்போதே போடலாம். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. நோய் எதிர்ப்பாற்றல் குறைந்த பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு தவணை போதாது.

கேள்வி: எனக்கு 57 வயது. மாதவிடாய் நின்று ஆறு ஆண்டுகள் ஆகின்றன. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைக் கண்டறிய வினிகர் தடவிப் பார்க்கும் பரிசோதனை எனக்குப் பொருந்துமா? – வாசகி, நத்தம்

பதில்: அந்தப் பரிசோதனையின் பயனை உலகுக்குக் காட்டியவர்கள் உங்கள் திண்டுக்கல் மாவட்டப் பெண்கள்தான். 2000இல் தொடங்கிய ஆய்வில் 30 முதல் 59 வயதுக்காரர்களை ஒரே ஒரு முறை பரிசோதித்துச் சிகிச்சை அளித்ததில், இந்நோயால் ஏற்படும் மரணம் 35 சதவீதம் குறைந்தது. ஆனால் மாதவிடாய் நின்ற பிறகு, பார்க்க வேண்டிய பகுதி கர்ப்பப்பை வாய்க்குள் ஒதுங்கிவிடுவதால் கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். உங்களுக்கு ஹெச்.பி.வி. பரிசோதனையே ஏற்றது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், அதை ஒருமுறை செய்ததே மரணத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. கூச்சமாக இருந்தால் மாதிரியை நீங்களே எடுத்துக் கொடுக்கும் முறையும் உண்டு; கேட்டுப் பாருங்கள். ஆனால் இந்த ஆறு ஆண்டுகளில் ஒரு துளி ரத்தம் பட்டிருந்தாலும் பரிசோதனை முகாமுக்குக் காத்திருக்காமல், இந்த வாரமே மகப்பேறு மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள்.