பழைய டாட்ஜ் சார்ஜர் காரைப் பந்தய கார் போல மாற்றலாமா?

கேள்வி: அமெரிக்காவின் வட கரோலினாவில், சார்லட் நகருக்கு அருகில் பல ஆண்டுகளாக வசிக்கிறேன். 1969ஆம் ஆண்டு மாடல் டாட்ஜ் சார்ஜர் ஒன்று விற்பனைக்கு வந்துள்ளது. அதை வாங்கி, அக்கால நாஸ்கார் என்ற அமெரிக்கக் கார் பந்தயங்களில் நீண்ட மூக்கும் உயர்ந்த இறக்கையுமாக ஓடிய சார்ஜர் டேட்டோனாவைப் போல மாற்ற ஆசைப்படுகிறேன். விற்பவர், "இது ஆர்/டி வகை (சக்தி மிகுந்த உயர் ரகம்), எல்லாம் அசல்" என்று கூறி அதற்கேற்ற விலை கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: விற்பவர் சொல்வது உண்மையானால், அந்த அசல் காரை உருமாற்றுவதற்காக நீங்கள் வெட்டக் கூடாது; பொய்யானால், அந்த விலையைக் கொடுக்கக் கூடாது. இரண்டில் எதுவாக இருந்தாலும் உங்கள் நோக்கத்துக்கு அது ஏற்ற கார் அல்ல. உண்மையை அறிந்துகொள்ள அரை மணி நேரம் போதும். ஓட்டுநர் பக்கம், டாஷ்போர்டின் மேல், முன்கண்ணாடி வழியாகத் தெரியும்படி ஒரு சிறு தகட்டில் வண்டியின் அடையாள எண் பொறிக்கப்பட்டிருக்கும். அது 'எக்ஸ்எஸ்29' என்று தொடங்கினால் ஆர்/டி. 'எக்ஸ்பி29' என்று தொடங்கினால் சாதாரண சார்ஜர். 'எக்ஸ்எக்ஸ்29' என்றால் பந்தயத்துக்காகச் சற்றே மாற்றிய சார்ஜர் 500 அல்லது அசல் டேட்டோனா. ஐந்தாவதாக வரும் எழுத்து, தொழிற்சாலையில் பொருத்திய எஞ்சினைக் காட்டும்: 'எஃப்' என்றால் 318, 'எல்' என்றால் 440, 'ஜே' என்றால் 426 ஹெமி என்ற உயர்சக்தி எஞ்சின் (எண்கள் எஞ்சினின் கொள்ளளவு, கன அங்குலத்தில்).

தகட்டைப் படித்ததோடு நிறுத்திவிடாதீர்கள். பானட்டைத் திறந்து ரேடியேட்டரைத் தாங்கும் தகட்டின் மேல்விளிம்பையும், டிக்கியைத் திறந்து ரப்பர் பட்டையை விலக்கி அதன் கீழுள்ள விளிம்பையும் பாருங்கள். அதே எண்ணின் பிற்பகுதி அங்கும் குத்தப்பட்டிருக்க வேண்டும். இந்த எண்களும் உரிமைப் பத்திரத்தில் உள்ள எண்ணும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால், விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். அடையாள எண்ணை மாற்றுவது அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி குற்றம், அப்படிப்பட்ட வண்டி உங்கள் கையில் இருந்து பறிமுதல் ஆகவும் கூடும்.

நீங்கள் தேட வேண்டியது, பத்திரம் சுத்தமாக உள்ள, எஞ்சின் இல்லாத அல்லது பழுதான ஒரு 'எக்ஸ்பி29'. இருக்கையும் உள்ளலங்காரமும் கிழிந்து கிடப்பது உங்களுக்கு நல்லதே, ஏனெனில் அவற்றை எப்படியும் கழற்றி எறியப்போகிறீர்கள். ஆனால் துரு விஷயத்தில் இரக்கம் காட்டாதீர்கள். இந்த வண்டிக்குத் தனியான சேஸிஸ் கிடையாது; தரைத் தகடும் அதனோடு பற்றவைத்த பெட்டிச் சட்டங்களுமே சுமையைத் தாங்குகின்றன. பின்புற லீஃப் ஸ்பிரிங் தொங்கும் சட்டங்களும், முன்புற டார்ஷன் பார் (ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி) வந்து பிடிக்கும் குறுக்குச் சட்டமும் இற்றுப்போயிருந்தால், மேலே எதைப் பொருத்தினாலும் வீண். வண்டியைத் தூக்கி நிறுத்தி, திருப்புளியின் பிடியால் அவ்விடங்களைத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்க வேண்டிய இடத்தில் பொத்தென்று கேட்டால் உள்ளே இரும்பு மிச்சமில்லை. பின்சக்கரத்துக்குப் பின்னால் கீழ்ப்பகுதியில் துணி சுற்றிய காந்தம் ஒட்டாமல் நழுவினால், அங்கே இருப்பது தகடல்ல, ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டி (புட்டி).

பலரும் மூக்கையும் இறக்கையையும் வாங்கிப் பொருத்திவிட்டு வேலை முடிந்ததாக எண்ணுகிறார்கள். சுமார் 18 அங்குல நீள மூக்கும், சுமார் 23 அங்குல உயர இறக்கையும் கண்ணைப் பறிப்பவை என்பது உண்மையே. ஆனால் டேட்டோனாவின் உயிர் பின்கண்ணாடியில் இருக்கிறது. சாதாரண சார்ஜரில் பின்கண்ணாடி இரு பக்கத் தூண்களுக்கு இடையே குகை போல உள்வாங்கியிருக்கும். அதிவேகத்தில் அந்தக் குழியில் காற்று சுழன்று வண்டியின் பின்பகுதியை மேலே தூக்கியதால்தான், அங்கே ஒரு தகட்டைப் பற்றவைத்து, கண்ணாடியைச் சரிவோடு சரிவாக அமைத்து, டிக்கி மூடியையும் குட்டையாக்கினார்கள். இந்த வேலைக்குக் கைதேர்ந்த டிங்கர் தேவை. மொத்தச் செலவில் பெரும்பங்கை இதற்கென முதலிலேயே ஒதுக்குங்கள். இறக்கையின் கால்கள் வெறும் தகட்டின் மேல் நிற்கக் கூடாது, டிக்கிக்குள் இருந்து முட்டுக் கொடுத்துத் தாங்க வேண்டும்.

எந்தப் பந்தயத்தின் வண்டியை உருவாக்குகிறீர்கள் என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். டேட்டோனா முதன்முதலில் ஓடியது 1969 செப்டம்பரில், டயர் பிரச்சினையால் முன்னணி ஓட்டுநர்கள் பலர் விலகிய, அலபாமா மாநில டலடேகா தடத்தின் பந்தயத்தில். வென்றவர் ரிச்சர்ட் பிரிக்ஹவுஸ். 1970 மார்ச்சில் அதே தடத்தில் ஓட்டுநர் பட்டி பேக்கர் டேட்டோனாவில் மணிக்கு 200 மைலைக் கடந்தார். 1971இல் இறக்கை வண்டிகளுக்கு 305 கன அங்குல எஞ்சினே அனுமதி என்று விதி வந்ததும் அவை தடங்களிலிருந்து ஏறத்தாழ மறைந்துவிட்டன. ஆகவே 1969, 1970 ஆகிய இரு ஆண்டுகளின் புகைப்படங்களையே ஆதாரமாகக் கொள்ளுங்கள். எண்களையும் விளம்பர எழுத்துகளையும் தூரிகையால் எழுதச் செய்யுங்கள். ஸ்டிக்கர் ஒட்டினால் பத்தடி தூரத்திலேயே தெரிந்துவிடும். எஞ்சினுக்கு ஹெமி வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். 440 போதும், மிச்சமாகும் பணத்துக்கு வேலை காத்திருக்கிறது.

கேள்வி: உள்ளே ரோல் கேஜ் (வண்டி உருண்டால் காக்கும் இரும்புக் குழாய்க் கூண்டு) பொருத்தி, ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளோடு சாலையிலும் ஓட்ட முடியுமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். ரோல் கேஜ் என்பது ஹெல்மெட் அணிந்து, பல முனை பெல்ட்டால் இருக்கையோடு கட்டப்பட்டவருக்காக அமைந்தது. வெறுந்தலையோடு ஓட்டினால், சாதாரண மோதலில்கூட அந்த இரும்புக் குழாயே தலையைப் பிளக்கும். மேலே சுற்றிய பஞ்சுறை அதைத் தடுக்காது. சாலையில் ஓட்டுவதானால் கேஜ் இல்லாமல், மூன்று முனை பெல்ட்டோடு, வெளித்தோற்றத்தை மட்டும் மாற்றுங்கள்.

பழைய கார்களுக்கான தடப் பந்தயம்தான் நோக்கமென்றால், அந்த அமைப்பின் விதிநூலை முதலில் வாங்கிப் படித்து, அது குறிப்பிடும் விட்டமும் கனமும் உள்ள குழாயையே பயன்படுத்துங்கள். சார்லட், கான்கார்ட், மூர்ஸ்வில் வட்டாரத்தில் நாஸ்கார் அணிகளின் பட்டறைகள் நிறைந்திருப்பதால், நல்ல வெல்டரைத் தேடி நீங்கள் அலைய வேண்டியதில்லை. அதே வட்டாரத்தில் அணிகள் கழித்துவிட்ட பாகங்களும் மலிவாகக் கிடைக்கும். கியர்பாக்ஸ் வாங்கலாம், பெல்ட்டை மட்டும் வாங்காதீர்கள். எஸ்எஃப்ஐ என்ற பந்தயப் பாதுகாப்புத் தர அமைப்பின் முத்திரையுள்ள பெல்ட்டுக்குப் பொதுவாக இரண்டே ஆண்டு ஆயுள், தேதி அதன் சீட்டிலேயே இருக்கும். பந்தய வண்டியின் எரிபொருள் தொட்டிக்குள் உள்ள ரப்பர் பையும் காலத்தால் இற்றுப்போகும். 1964 மே மாதம் உங்கள் சார்லட் தடத்தில் தீயில் சிக்கிய ஓட்டுநர் ஃபயர்பால் ராபர்ட்ஸ், ஜூலை 2 அன்று உயிரிழந்தார். அதன் பிறகுதான் இத்தகைய தொட்டிகள் பந்தயத்துக்கு வந்தன. அதை நினைத்து, புதியதாகவே வாங்குங்கள்.

ஓட்டுநரின் கை வெளியே போகாமல் தடுக்கும் ஜன்னல் வலை 1969இல் இல்லை. 1970இல் டார்லிங்டன் தடத்தில் ஓட்டுநர் ரிச்சர்ட் பெட்டியின் வண்டி உருண்டபோது அவரது கை வெளியே தொங்கியதைக் கண்ட பிறகே அது கட்டாயமானது. வரலாற்றுக்குப் பொருந்தாது என்று யாராவது குறை சொன்னாலும் வலையை மாட்டிவிட்டே தடத்தில் இறங்குங்கள்.

கேள்வி: பட்டறைக்கு முன்பணம் பாதி கேட்கிறார்கள். காப்பீடு எப்படி எடுப்பது?

பதில்: பாதி அதிகம். வேலையைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் முடிந்ததை நேரில் பார்த்த பின் பணம் தருவதாக எழுத்தில் ஒப்பந்தம் செய்யுங்கள். உங்கள் பணத்தில் வாங்கும் பாகங்களின் ரசீது உங்கள் பெயரில் இருக்கட்டும். கூலி பாக்கி என்று தகராறு வந்தால் வண்டியைப் பிடித்து வைக்கப் பட்டறைக்குச் சட்டத்தில் வழி உண்டு. காப்பீட்டில், தேய்மானம் கழித்துத் தரும் சாதாரண பாலிசியைத் தவிர்த்து, மதிப்பை முன்கூட்டியே இருதரப்பும் ஒப்புக்கொள்ளும் வகையைக் கேளுங்கள். அது பெரும்பாலும் பந்தயத் தடத்தில் நேரும் சேதத்துக்குப் பொருந்தாது என்பதால், அந்தப் பத்தியை முழுவதும் படித்த பிறகே கையெழுத்திடுங்கள். விண்ணப்பத்திலும், பின்னாளில் விற்க நேர்ந்தால் விளம்பரத்திலும், 'நகல்' என்ற சொல்லைத் தெளிவாக எழுதுங்கள். வெட்டுவதற்கு முன் எடுத்த படங்களையும் அடையாள எண்ணின் படத்தையும் வண்டியோடு சேர்த்தே அடுத்தவரிடம் ஒப்படையுங்கள்.