65 வாட் சார்ஜர் வாங்கினால் கரண்ட் பில் கூடுமா?

களுவாஞ்சிகுடியில் இருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார்: "தம்பி, எங்கட வீட்டில் இரண்டு போன், மகன் படிக்கிற டேப் ஒன்று. கடையில் 65 வாட் சார்ஜர்தான் நல்லது என்று தருகிறார்கள். பெரிய சார்ஜர் என்றால் பில்லும் கூடும்தானே? கரண்ட் குறைய எடுக்கிற சின்னச் சார்ஜர் எது வாங்கலாம்? பட்டரிக்கும் பழுது வரக் கூடாது."

முதலில் பில். 5,000 மில்லி அம்பியர் மணி பட்டரி உள்ள போனை அடியில் இருந்து நிரப்ப, இடையில் சூடாக வீணாவதையும் சேர்த்து, ஏறத்தாழ 25 வாட் மணிதான் செலவாகும். 60 வாட் பேன் அரை மணித்தியாலம் சுற்றினால் அதைவிடக் கூட. தினமும் ஒரு தடவை முழுதாக நிரப்பினாலும் மாதத்துக்கு ஒரு போனுக்கு முக்கால் யூனிட் (1,000 வாட் மணிதான் ஒரு யூனிட்), அவ்வளவுதான். 60 யூனிட்டைத் தாண்டினால் கட்டணமே வேறு கணக்கில் போகும் என்று மீட்டரைப் பார்த்துப் பார்த்துக் கரண்ட் பாவிக்கிற வீடு உங்களுடையது என்றால், பிரிட்ஜையும் அயன் பொக்ஸையும் கவனியுங்கள் அக்கா, சார்ஜரை அல்ல.

பெரிய சார்ஜர் போனுக்குள் கரண்டைத் தள்ளிவிடும் என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, போன்தான் கேட்டு வாங்குகிறது. செருகியதும் சார்ஜர் 5 வோல்ட்டில் தொடங்கும், அப்புறம் போன் '9 வோல்ட் தா' என்று கேட்டால், அந்த அளவு தன்னிடம் இருந்தால் மட்டும் கொடுக்கும். 65 வாட் சார்ஜரில் 10 வாட் போனைப் போட்டால் 10 வாட்தான் போகும். தண்ணீர்த் தாங்கியை அரை இஞ்சிப் பைப்பில் நிரப்பினாலும் ஒரு இஞ்சிப் பைப்பில் நிரப்பினாலும் தாங்கி கொள்வது ஒரே அளவு தண்ணீர்தான், நேரம்தான் வித்தியாசம். போனைக் கழற்றிவிட்டுச் சார்ஜரைச் சுவரிலேயே விட்டால்? 20, 25 வாட் மாதிரிச் சார்ஜரில் சின்னதாக 'VI' என்று ரோம இலக்கத்தில் ஆறு போட்டிருந்தால், சும்மா இருக்கும்போது 0.1 வாட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது என்ற தரத்துக்கு அது செய்யப்பட்டது. வருஷம் முழுக்க அப்படியே விட்டாலும் ஒரு யூனிட் வராது. பாரமான பழைய டிரான்ஸ்போமர் சார்ஜர்கள் சும்மா இருக்கும்போதே ஒரு வாட், இரண்டு வாட் எடுக்கும், அவற்றைக் கழற்றி வையுங்கள்.

சரி, எதை வாங்குவது? உங்கள் வீட்டுக்கு டைப்-சி வாய் உள்ள, 'பிடி' (PD) என்கிற பவர் டெலிவரி முறையில் இயங்கும் 20 அல்லது 25 வாட் சார்ஜர் ஒன்று போதும். அதைவிடச் சின்னது வேண்டாம் என்பதற்குக் காரணம் மகனின் டேப். டேப் பட்டரி பெரும்பாலும் 30 வாட் மணி அளவில் இருக்கும். பழைய 5 வாட் சார்ஜரில் அது நிரம்ப எட்டு மணித்தியாலம் பிடிக்கும், திரையைக் கூட்டி வைத்து ஒன்லைன் வகுப்பு பார்த்தால் வருகிற 5 வாட்டையும் திரையே தின்றுவிடும். சார்ஜில் கிடந்தும் வீதம் இறங்குகிறது என்று என்னிடம் கொண்டுவருகிற டேப்களில் பாதிக்கு டேப்பில் குறையே இல்லை, சார்ஜரும் கேபிளும்தான் காரணம். ஐபோன் என்றால் 20 வாட் தாராளம். சாம்சுங்கில் 25 வாட் வேகம் வேண்டும் என்றால் பெட்டியில் 'பிபிஎஸ்' (PPS, போன் கேட்கிறபடி வோல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக் கொடுக்கிற முறை) என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள், அது இல்லாத சார்ஜரிலும் ஏறும், கொஞ்சம் மெதுவாக. வேறு சில கம்பனிகளின் 33, 67 வாட் வேகம் அவர்களுடைய சொந்தச் சார்ஜரில்தான் முழுதாகக் கிடைக்கும்.

இரண்டு வாய் உள்ள சார்ஜர் வாங்கினால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: இரண்டிலும் செருகியதும் பலவற்றில் வேகம் பங்காகிவிடும், 20 வாட் வாய்கூட 5 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். இரவில் இரண்டு போனை ஒன்றாகப் போட்டுவிட்டுப் படுப்பதற்கு அது போதும். பட்டரியைப் பற்றிக் கேட்டீர்களே, பட்டரிக்கு எதிரி சூடு. கச்சான் காற்று அடிக்கிற மாசங்களில் அறையே கொதிக்கும்போது, வேகச் சார்ஜில் போட்டுத் தலையணைக்குக் கீழ் வைக்காதீர்கள். இரவுக்கு உங்களிடம் ஏற்கனவே உள்ள நல்ல 10 வாட் சார்ஜரே சிறந்தது, அதை எறிந்துவிட வேண்டாம்.

இனி நான் உண்மையில் கவலைப்படுகிற விஷயம். போன கிழமை ஒருவர் ஒரு வெள்ளைச் சார்ஜரைக் கொண்டுவந்தார். முன்பக்கம் பெரிய எழுத்தில் 65 வாட். அடியில் உள்ள பொடி எழுத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் அவுட்புட் 5 வோல்ட், 2 அம்பியர். இரண்டையும் பெருக்குங்கள், 10 வாட். மூடியைத் திறந்தேன். 230 வோல்ட் ஓடுகிற செம்புக் கோட்டுக்கும் கேபிள் செருகுகிற பக்கத்துக் கோட்டுக்கும் நடுவில் என் நகத்தின் தடிப்பளவுகூட இடைவெளி இல்லை. ஒழுங்கான சார்ஜரில் அந்த இடத்தில் 6 மில்லிமீற்றர் அளவாவது விட்டிருப்பார்கள், சிலதில் பலகையையே வெட்டி இடைவெளி போட்டிருப்பார்கள். நம்முடைய கடற்கரை ஈரக் காற்றில் தூசியும் உப்பும் அந்த இடைவெளியில் படிந்தால், சுவரில் உள்ள 230 வோல்ட் நேரே கேபிளுக்கும் போனுக்கும் வரும். பிள்ளை காதில் வயர் மாட்டிக்கொண்டு சார்ஜில் கிடக்கிற டேப்பைப் பிடித்திருக்கும். நான் பில்லை விட்டுவிட்டு இதைப் பேசுவது அதனால்தான்.

ஆகவே கடையில் பெரிய எழுத்தை விட்டுவிட்டு அடியில் உள்ளதை வாசியுங்கள். இன்புட் 100-240 வோல்ட் என்று இருக்க வேண்டும், மாலையில் வோல்டேஜ் இறங்குகிற ஊர்களிலும் அப்போது பிரச்சினை வராது. அவுட்புட்டில் 5 வோல்ட் 3 அம்பியர், 9 வோல்ட் 2.22 அம்பியர் என்று இருந்தால் அது 20 வாட் சார்ஜர், 9ஐயும் 2.22ஐயும் பெருக்கினால் கணக்குச் சரியாக வரும். சதுரத்துக்குள் சதுரம் போட்ட அடையாளம் இருக்கிறதா என்றும் பாருங்கள், இரட்டைக் காப்பு என்று அர்த்தம். கொப்பி அடிக்கிறவர்கள் இதையும் அச்சடிப்பார்கள், அதனால் கையில் தூக்கியும் பாருங்கள்: வெற்றுப் பெட்டி மாதிரி லேசாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் பிளக். மெல்லிய இரண்டு உருண்டைக் கால் உள்ள சார்ஜரை வாங்கிவந்து, 13 அம்பியர் பொயின்ட்டின் மேல் துளைக்குள் பேனாவைக் குத்தித் திறந்து செருகுகிற பழக்கம் நம் பக்கத்தில் நிறைய வீடுகளில் இருக்கிறது. அந்தத் துளையில் எதுவும் போகாதவரை கீழ்த் துளைகள் மூடி இருப்பது பிள்ளைகளின் பாதுகாப்புக்காக. பேனாவால் திறந்து செருகிய மெல்லிய கால் உள்ளே ஆடும், பொறி பறக்கும், பிளாஸ்டிக் கருகும். உங்கள் பொயின்ட் 13 அம்பியர் என்றால் சதுரக் கால் உள்ள சார்ஜரையே கேளுங்கள். காலில் இருந்து பிளக்கின் ஓரம் வரை 9.5 மில்லிமீற்றராவது இருக்க வேண்டும் என்பது அந்தப் பிளக்கின் விதி, சின்ன விரலை வைத்துப் பார்த்தால் குத்துமதிப்பாகத் தெரிந்துவிடும்.

கேபிளுக்கும் கொஞ்சம் காசு ஒதுக்குங்கள். இரண்டு முனையும் டைப்-சி, ஒரு மீற்றர், 3 அம்பியர். நீளமான மெல்லிய கேபிளில் வோல்ட் வழியிலேயே குறைந்துவிடும்.

வாங்கி வந்த அன்று டேப் பாதிக்குக் கீழே இறங்கி இருக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருந்தே அரை மணித்தியாலம் போட்டுப் பாருங்கள். சார்ஜர் இளஞ்சூடாக இருப்பது சரிதான். கையை வைத்து எடுக்க வேண்டிய அளவு சூடு, மணம், கீச்சென்ற சத்தம், இதில் ஒன்று இருந்தாலும் சுவிட்சை நிறுத்திக் கழற்றி, பில்லோடு கடைக்கே கொண்டுபோங்கள். மாரி தொடங்குகிற நேரம் இடி கேட்டால் சுவிட்சை மட்டும் நிறுத்தினால் போதாது, பிளக்கையும் கழற்றுங்கள். வீட்டு ட்ரிப் சுவிட்சில் 'டெஸ்ட்' (TEST) பொத்தான் இருக்கும், அதை மாதம் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள் அக்கா. விழவில்லை என்றால் சார்ஜர் வாங்குவதற்கு முன்னால் அதைத்தான் மாற்ற வேண்டும்.