ரிங்ஸ்ல கை வழுக்குதா? வியர்வைக் கைக்காரங்களுக்கு கேள்வி பதில்

வணக்கம் மக்களே. ரிங்ஸ் (பட்டையில தொங்கற ரெண்டு வளையத்தப் பிடிச்சுப் பண்ற உடற்பயிற்சி) பத்தி என்ன சந்தேகம்னாலும் கேளுங்கன்னு சொன்னேன், வந்ததுல முக்காவாசி கை வியர்வை பத்தியே இருக்கு, அதனால இன்னிக்கு அது மட்டும்தான். நான் பல வருஷமா ரிங்ஸ் பண்றேன், சொல்லியும் குடுக்கறேன், என் கையும் நல்லா வியர்க்கிற கைதான், அதனால இந்தக் கஷ்டம் எனக்கு நல்லாவே தெரியும்.

கேள்வி: அண்ணா, புல் அப் நாலு அஞ்சு போறதுக்குள்ள கை வழுக்க ஆரம்பிச்சிடுது. சாக் நிறைய போட்டும் அப்படித்தான். எங்க தப்பு பண்றேன்?

பதில்: "நிறைய"ன்னு சொன்னீங்க பாருங்க, அனேகமா அங்கதான் தம்பி. சாக்ங்கிறது மெக்னீசியம் கார்பனேட் பவுடர், ஈரத்த உறிஞ்சும், ஆனா அதுக்கும் ஒரு அளவு இருக்கு. வியர்வை நிக்கிற கையில அள்ளி அப்பினா மாவு கரைச்ச மாதிரி ஆயிடும், அந்தக் களி மேலதான் அப்புறம் கை நழுவுது. காஞ்ச கையிலயே தடிமனா அப்பினாலும் கை பிடிக்கிறது மரத்த இல்ல, பவுடரத்தான்.

நான் செய்யறத அப்படியே சொல்றேன். முதல்ல சோப்பு போட்டு கை கழுவுவேன், ஏன்னா மூஞ்சத் தொடச்ச எண்ணெய், காலையில தடவின லோஷன் எல்லாம் கையில இருக்கும். அப்புறம் பருத்தித் துண்டால துடைப்பேன், உள்ளங்கைய மட்டும் இல்ல, விரல் இடுக்கையும் சேர்த்து, ஏன்னா அங்க நிக்கிற ஈரம் தொங்க ஆரம்பிச்சதும் உள்ளங்கைக்கு வந்துடும். ஒரு அரை நிமிஷம் சும்மா விரிச்சு வெச்சிருப்பேன். அதுக்கப்புறம்தான் சாக், ஒரு சிட்டிகை போதும், விரல் அடிப்பக்கம் இருக்கிற கோடு, கட்டை விரலோட உள்பக்கம், மணிக்கட்டுக்குக் கீழ இருக்கிற மேடு, இந்த மூணு இடத்துலயும் நல்லா தேய்ச்சு, ரெண்டு கையயும் ஒருதடவ தட்டி உதறிடுவேன். பார்த்தா கைரேகை தெரியணும். ரேகை மறையற அளவுக்கு வெள்ளையா இருந்தா அது ஜாஸ்தி. அடுத்த செட்டுக்கும் (நிக்காம பண்ற ஒரு சுத்து) முதல்ல துண்டு, அப்புறம்தான் சாக், பழைய சாக் மேல புதுசு போடாதீங்க.

கேள்வி: சாக் கிடைக்கலன்னா டால்கம் பவுடர் போடலாமா ப்ரோ? ரெண்டும் வெள்ளைப் பவுடர்தானே.

பதில்: வேண்டவே வேண்டாம் ப்ரோ. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் வேலை நேர் எதிர். டால்க் உரசலக் குறைக்கிற பவுடர், தொட்டாலே வழவழன்னு இருக்கும் பாருங்க. நான் ஆரம்பத்துல ஒருத்தர் பேச்சக் கேட்டு ஒரே ஒரு நாள் போட்டேன், தலைகீழா தொங்கும்போது ரெண்டு கையும் ஒரே நேரத்துல விட்டுப் போச்சு, தோள்பட்டை தரையில அடிச்சு மூணு வாரம் கையத் தூக்க முடியல. கீழ மெத்தை இருந்ததால கழுத்து தப்பிச்சது. சாக் இல்லாத நாள்ல துண்டு வெச்சு துடைச்சுக்கிட்டு செட்ட சின்னதாக்குங்க, தலைகீழ் ஐட்டம் எதுவும் பண்ணாதீங்க.

கேள்வி: எங்க ஜிம்ல பவுடர் சாக்குக்கு அனுமதி இல்ல. லிக்விட் சாக் அந்தளவுக்கு வேலை செய்யுமா?

பதில்: செய்யும், வியர்வைக் கைக்கு சொல்லப்போனா அதுதான் நல்ல தொடக்கம். அதுல ஆல்கஹால் கலந்திருக்கும், அது ஆவியாகும்போது கைல இருக்கிற ஈரத்தையும் கூட்டிட்டுப் போயிடும், மெல்லிசா ஒரு சாக் படலம் தோலோட ஒட்டி நிக்கும். பட்டாணி அளவு எடுத்து ரெண்டு கையிலயும் பரப்பிட்டு முழுசா காயற வரைக்கும் ரிங்ஸத் தொடாதீங்க, பாதி பேர் இங்கதான் அவசரப்படறாங்க, ஈரமா இருக்கும்போதே பிடிச்சா போட்டதே வீண். கையில வெட்டு, தோல் உரிஞ்ச இடம் இருந்தா பயங்கரமா எரியும். சில லிக்விட் சாக்ல பிசினும் சேர்ப்பாங்க, அது ஒட்டும், ஆனா மர ரிங்ஸ்ல படிஞ்சு பிசுபிசுன்னு ஆகி அப்புறம் அத எடுக்கறது கஷ்டம், அதனால பிசின் இல்லாததா பார்த்து வாங்குங்க. பவுடருக்கு அனுமதி இருக்கிற இடத்துல அடியில லிக்விட், அது காஞ்சதும் மேல கொஞ்சம் பவுடர், எனக்குத் தெரிஞ்சு இத மிஞ்சின கூட்டணி இல்ல.

கேள்வி: என்கிட்ட இருக்கிறது பிளாஸ்டிக் ரிங்ஸ். மாத்தித்தான் ஆகணுமா?

பதில்: முடிஞ்சா மரத்துக்கு மாறுங்க. மரம் கொஞ்சம் ஈரத்த உள்ள வாங்கிக்கும், சாக்கையும் பிடிச்சு வெச்சுக்கும், பிளாஸ்டிக்ல ரெண்டும் மேலயே நிக்கும். அதுவரைக்கும் துணி டேப் ஒட்டிக்கோங்க, விளையாட்டுக்காரங்க விரல்ல சுத்திக்கிற அந்த வெள்ளை டேப்தான், முந்தின சுத்துல பாதி மூடற மாதிரி இறுக்கமா சுத்தணும், மடிப்பு விழுந்தா அந்த இடத்துல கொப்புளம் வரும். டேப் அழுக்காகி பளபளப்பா ஆச்சுன்னா மாத்திடுங்க.

மர ரிங்ஸ் வெச்சிருக்கிறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும், இத யாரும் கேக்கல ஆனா முக்கியம். பழைய சாக்கும் வியர்வையும் சேர்ந்து மரத்து மேல கண்ணாடி மாதிரி ஒரு படலம் கட்டும், அது வந்ததுக்கப்புறம் எந்த சாக் போட்டும் பிரயோஜனம் இல்ல. வாரம் ஒருதடவ காஞ்ச பிரஷ்ஷால தேய்ங்க, அப்பவும் வழுக்கினா நைஸ் உப்புத்தாள் வெச்சு லேசா ரெண்டு தேய். வார்னிஷ் அடிச்சு பளபளன்னு வர்ற ரிங்ஸுக்கும் இதே வைத்தியம்தான்.

கேள்வி: ஃபால்ஸ் கிரிப் (மணிக்கட்ட மடக்கி ரிங் மேல வெச்சுப் பிடிக்கிறது) பிடிச்சா ரெண்டாவது மசில் அப்லயே (தொங்கறதுல இருந்து இழுத்து ரிங்ஸுக்கு மேல ஏறறது) மணிக்கட்டு சறுக்கி சாதா கிரிப்புக்கு வந்துடுது அண்ணா.

பதில்: உள்ளங்கைக்கு மட்டும் சாக் போடறீங்களா? ஃபால்ஸ் கிரிப்ல எடை தாங்கறது மணிக்கட்டோட உள்பக்கம், சுண்டு விரல் பக்கம் இருக்கிற அந்த மேடும் அதுக்குக் கீழயும். அங்கயும் காய வெச்சு சாக் போடணும், முழங்கை பக்கமா நாலு விரற்கடை வரைக்கும். அப்புறம் ரிங்ஸ் தடிமனப் பாருங்க. போட்டில பயன்படுத்தற ரிங்ஸ் 28 மில்லிமீட்டர், கடையில நிறைய கிடைக்கிறது 32. சின்னக் கை இருக்கிறவங்களுக்கு 32ல விரல் முழுசா சுத்தி வராது, அப்ப கொஞ்சம் வியர்த்தாலே போச்சு, 28க்கு மாறினா அன்னிக்கே வித்தியாசம் தெரியும். இதெல்லாம் பண்ணியும் சறுக்கினா மணிக்கட்டு இன்னும் பழகலன்னு அர்த்தம், கால் தரையில இருக்கிற மாதிரி தாழ்வா ரிங்ஸ் வெச்சு ஃபால்ஸ் கிரிப்ல 10 செகண்ட் தொங்கறதுல இருந்து ஆரம்பிங்க.

கேள்வி: தொங்கும்போது ஓகே, டிப்ஸ் (ரிங்ஸ் மேல கைய ஊனி உடம்ப இறக்கி ஏத்தறது) பண்ணும்போதுதான் கை நனைஞ்சு போகுது. ஏன் இப்படி?

பதில்: அருமையான கவனிப்பு. தொங்கும்போது கை மேல இருக்கு, வியர்வை முழங்கை பக்கம் இறங்கிடும். டிப்ஸ்லயும் சப்போர்ட்லயும் (கைய நேரா ஊனி ரிங்ஸ் மேல நிக்கிறது) கை கீழ, அதனால தோள்ல இருந்து வர்ற வியர்வை மொத்தமும் உள்ளங்கையிலதான் வந்து சேரும். துணி ரிஸ்ட் பேண்ட் போடுங்க, ஆனா மணிக்கட்டுல இல்ல, முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவுல, அப்பதான் ரிங்ஸ்ல உரசாது. செட்டுக்கு நடுவுல முழு கையயும் துடைங்க.

கேள்வி: கிளவுஸ் போட்டா தீர்ந்துடாதா? ஜிம்னாஸ்ட்ஸ் கையில தோல் மாட்டியிருக்காங்களே, அது?

பதில்: ஜிம் கிளவுஸ் ரிங்ஸுக்கு சரிப்படாது, உள்ள கை வியர்த்து கிளவுஸுக்குள்ளயே கை நகரும், துணி மடிஞ்சு கிரிப்பும் தடிமனாகும். ஜிம்னாஸ்ட்ஸ் போடறது வேற, அது தோல் கிரிப், விரல் பக்கம் ஒரு சின்ன உருளை தைச்சிருக்கும், அது ரிங்ஸ் மேல கொக்கி மாதிரி மாட்டிக்கும். பெரிய ஸ்விங் பண்றவங்களுக்கு அது அவசியம். ஃபால்ஸ் கிரிப், மசில் அப்னு பழகற நமக்கு அது குறுக்கதான் நிக்கும். கம்பில பண்றதுக்குன்னு செஞ்ச தோல் கிரிப்ப ரிங்ஸுக்கு மாட்டவே கூடாது, அதோட அளவே வேற.

கேள்வி: அக்கா, எனக்கு சும்மா உக்காந்து படிக்கும்போதே கை சொட்டும், பேப்பர் நனைஞ்சிடும். சாக் ரெண்டு நிமிஷம் கூட நிக்கல. நான் ரிங்ஸ விட்டுடணுமா?

பதில்: மேல அண்ணான்னு கேட்டவங்களுக்கும் சேர்த்து, நான் அக்காதான், பரவால்ல. விட வேண்டாம் மா. நீ சொல்றத பார்த்தா ஹைப்பர்ஹைட்ரோசிஸா (அளவுக்கு மீறி வியர்க்கிற பிரச்சினை) இருக்கலாம், நிறைய பேருக்கு சின்ன வயசுலயே ஆரம்பிக்கும், ரெண்டு கையும் ஒரே மாதிரி வியர்க்கும், தூங்கும்போது நின்னுடும். இதுக்கு வைத்தியம் இருக்கு, தோல் டாக்டரப் பாரு. ராத்திரி காஞ்ச கையில தடவற அலுமினியம் குளோரைடு மருந்து இருக்கு, தண்ணில கைய வெச்சு லேசா கரண்ட் விடற அயன்டோஃபோரெசிஸ் இருக்கு, போடாக்ஸ் ஊசி கூட போடறாங்க. எது உனக்குன்னு டாக்டர்தான் சொல்லணும், நீயா மருந்து வாங்கித் தடவாத, தோல் எரிச்சல் வரும். திடீர்னு புதுசா ஆரம்பிச்சது, எடை குறையுது, படபடப்பு இருக்குன்னா தைராய்டும் பார்க்கச் சொல்லு. அதுவரைக்கும் லிக்விட் சாக், ஒரு செட்டுக்கு ரெண்டு மூணு தடவ மட்டும், பக்கத்துலயே துண்டு. வெக்கப்படறதுக்கு இதுல ஒண்ணுமே இல்ல.

கேள்வி: எனக்கு வழுக்கறது வியர்வையாலயா, கைல பலம் இல்லாததாலயான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பதில்: விடும்போது கையப் பாருங்க. பலம் தீர்ந்தா விரல் ஒவ்வொண்ணா திறக்கும், பெரும்பாலும் சுண்டு விரல்ல இருந்து. வியர்வைன்னா விரல் மூடியே இருக்கும், தோல் மட்டும் மொத்தமா நகரும். இன்னொண்ணு, முதல் செட்டுலயே நல்லா காஞ்ச கையோட சும்மா தொங்கிப் பாருங்க, அப்பவும் 20 செகண்டுல விட்டுட்டா வியர்வையக் குத்தம் சொல்லாதீங்க, தினமும் கொஞ்ச நேரம் தொங்கப் பழகுங்க.

கேள்வி: காய்ப்பு பிஞ்சு வந்துடுச்சு அக்கா, நாளைக்கு ரிங்ஸ் பண்ணலாமா?

பதில்: வேண்டாம் பா, மூடற வரைக்கும் தொங்கற ஐட்டத்த விட்டுடு. சோப்பு தண்ணில கழுவி சுத்தமா மூடி வை. ஈரத்துல ஊறின காய்ப்பு சீக்கிரம் பிஞ்சுடும், அதனால வியர்வைக் கைக்காரங்க அத உயர விடக்கூடாது, குளிச்சதுக்கப்புறம் தோல் மிருதுவா இருக்கும்போது கல்லால தேய்ச்சு மட்டமா வெச்சுக்கணும். ராத்திரி மாய்ஸ்சரைசர் போடலாம், பயிற்சிக்கு முன்னாடி மட்டும் கூடாது.

கேள்வி: ஸ்கின் த கேட் (ரிங்ஸ்ல தொங்கிக்கிட்டே கால கைக்கு நடுவுல விட்டு உடம்பப் பின்பக்கமா சுத்தறது) பண்ணப் போறேன்னு நெனச்சாலே கை நனைஞ்சிடுது. ரிங்ஸத் தொடறதுக்கு முன்னாடியே!

பதில்: பயந்தா முதல்ல வியர்க்கிறது உள்ளங்கையும் பாதமும்தான், உடம்போட வேலை அது. அதனால பயத்தக் குறைங்க. ரிங்ஸ இடுப்பு உயரத்துக்கு இறக்குங்க, கீழ மெத்தை போடுங்க, கால் தரையத் தொடற மாதிரி வெச்சு மெதுவா சுத்திப் பாருங்க, எந்த நேரத்துலயும் கால ஊனிக்கலாம்னு உடம்புக்குத் தெரியணும். அந்த உயரத்துல கை காஞ்சே இருக்க ஆரம்பிச்சதும் ரிங்ஸ் தொங்கற ஸ்ட்ராப்ப ஒரு அடி ஏத்துங்க, மறுபடி நனைஞ்சா மறுபடி இறக்கிடுங்க.