மூக்கு நீண்டால் மட்டும் போதுமா? பழைய பாணி புல்டாக் பற்றிக் கேள்வி பதில்

ஓஹியோவில் வசிக்கிறேன். பழைய காலத்துப் புல்டாக்கின் உடலை மீட்க உருவாக்கிய ஓல்ட் இங்கிலிஷ் புல்டாக் என்ற இனத்தைப் பதினான்கு ஆண்டுகளாக வளர்க்கிறேன். இத்தனை காலத்தில் எடுத்தது ஐந்து ஈத்து மட்டும்தான். ஏன் இவ்வளவு குறைவு என்று பலரும் கேட்கிறார்கள். காரணம் கீழே உள்ள பதில்களில் இருக்கிறது.

கேள்வி (டொராண்டோ): அண்ணா, தட்டை மூஞ்சி, தொங்கும் தோல், குட்டைக் கால் இதெல்லாம் உள்ளதுதானே அசல் புல்டாக்? அதை மாற்றினால் இனமே போய்விடாதா?

பதில்: அசல் எது என்று பழைய படங்களைப் பார்த்தால் தெரியும். 1817-இல் வெளிவந்த ‘கிரிப் அண்ட் ரோசா’ என்ற செதுக்கோவியத்தில் இரண்டு புல்டாக்குகள் இருக்கின்றன. கால் நீளம், வயிறு ஒட்டியிருக்கும், மூஞ்சி குட்டைதான், ஆனால் தட்டையில்லை. அன்றைக்கு இங்கிலாந்தில் காளையை முளையில் கட்டி அதன்மேல் நாயை ஏவும் கொடிய விளையாட்டு இருந்தது. ஓடாத நாய்க்கும் மூச்சு வாங்கும் நாய்க்கும் அங்கே வேலையே இல்லை. 1835-இல் சட்டம் அதைத் தடை செய்தது. தடை செய்ததும் நல்லதே. அதன்பிறகு புல்டாக் கண்காட்சி மேடைக்குப் போனது. ஓட வேண்டிய கட்டாயம் போனதும், நடுவர் கண்ணுக்குப் பிடித்த பெரிய தலை, அகல நெஞ்சு, குட்டை மூக்கு மூன்றும் தலைமுறைக்குத் தலைமுறை கூடிக்கொண்டே வந்தன. நாங்கள் மீட்க நினைப்பது அந்த உடலை மட்டும்தான், அந்த வெறியை அல்ல. குணம் வீட்டில் குழந்தையோடு இருக்கும் நாயின் குணமாகவே இருக்க வேண்டும்.

கேள்வி (ஹூஸ்டன்): ஓல்ட் இங்கிலிஷ் புல்டாக்கை உருவாக்கிய டேவிட் லெவிட் என்ன கலந்தார்? என்னிடம் ஆங்கில புல்டாக் பெட்டை இருக்கிறது. பக்கத்து வீட்டில் நல்ல பிட்புல். அதே மாதிரி முயலலாமா?

பதில்: லெவிட் பென்சில்வேனியாக்காரர், 1971-இல் தொடங்கினார். பாதி ஆங்கில புல்டாக். மீதிப் பாதியில் புல்மாஸ்டிஃப், பிட்புல், அமெரிக்கன் புல்டாக் மூன்றுக்கும் சம பங்கு, அதாவது ஒவ்வொன்றும் ஆறில் ஒரு பங்கு. கலவையைவிட அவர் பின்பற்றிய முறைதான் முக்கியம். ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாடுகளுக்காக வகுத்திருந்த இனப்பெருக்கத் திட்டத்தை எடுத்துக்கொண்டார். தனித்தனி வரிசைகளாக வளர்த்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிச் சேர்த்து, நெருங்கிய உறவில் கலப்பு அதிகமாகாமல் பார்த்துக்கொண்டார். குறை தெரிந்த நாய்களை ஒதுக்கினார். யுகேசி என்ற அமெரிக்க நாயினப் பதிவு அமைப்பு இந்த இனத்தை ஏற்றது 2014-இல். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது, பாருங்கள்.

பக்கத்து வீட்டு நாயோடு ஒரு முறை சேர்த்தால் சில குட்டிகள் நன்றாக வரலாம். அடுத்த தலைமுறையில் தட்டை மூக்கும் சுருள் வாலும் திரும்பத் தலைகாட்டும். ஒரு ஈத்து பிறந்துவிட்டதால் இனம் திருந்திவிடாது. பத்து ஈத்துக்கான திட்டமும், குட்டிகள் வளர்ந்து எப்படி ஆயின என்ற பதிவும் உங்களிடம் இல்லாவிட்டால், தயவுசெய்து வேண்டாம்.

கேள்வி (லண்டன்): தூய ஆங்கில புல்டாக்குக்குள்ளேயே நல்ல நாய்களாகத் தேர்ந்தெடுத்துச் சரிசெய்ய முடியாதா? வேறு ரத்தம் எதற்கு?

பதில்: முடிந்தால் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் கலிஃபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது வேறு. இனத்துக்குள் மரபு வேறுபாடு மிகவும் சுருங்கிவிட்டது, உள்ளிருந்தே திருத்துவது கடினம் என்றார்கள். தேர்ந்தெடுக்க வேண்டுமானால் கூடையில் பல விதம் இருக்க வேண்டும், இங்கே கூடையே சிறியது. வாலைப் பாருங்கள். சுருள் வாலோடு தொடர்புடைய டிவிஎல்2 என்ற மரபணு மாற்றம் ஆங்கில புல்டாக்கில் ஏறக்குறைய எல்லா நாயிடமும் இருக்கிறது. அதே மாற்றம் முதுகெலும்புக் கோளாறோடும் சம்பந்தப்பட்டது. எல்லா நாயிடமும் இருப்பதை எந்தத் தேர்வாலும் நீக்க முடியாது, வெளியிலிருந்து ரத்தம் வந்தே ஆகவேண்டும்.

கேள்வி (நியூ ஜெர்சி): எங்கள் நாய் தூங்கும்போது நன்றாகக் குறட்டை விடும். கால்நடை மருத்துவர் ‘இந்த இனத்துக்கு அது சகஜம்’ என்கிறார். அப்படி விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். எல்லா நாய்க்கும் இருப்பதால் ஒரு நோய் நோயில்லை என்றாகிவிடுமா? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் பிரிட்டிஷ் கென்னல் கிளப்பும் சேர்ந்து 2019-இல் ஒரு மூச்சுச் சோதனையை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. முதலில் நாய் அமைதியாக நிற்கும்போது தொண்டையில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பார்கள். பிறகு மூன்று நிமிடம் துள்ளு நடையில் ஓட்டுவார்கள். நின்றவுடன் மறுபடி தொண்டையில் வைத்துக் கேட்பார்கள். 0 முதல் 3 வரை தரம். 3 வந்த நாயை இனப்பெருக்கத்துக்கு விடவே கூடாது.

ஒருமுறை இரண்டு நாய்களுக்கு அடுத்தடுத்துச் சோதனை நடந்தபோது நானே காது வைத்துக் கேட்டேன். ஓடுவதற்கு முன் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. ஓடி நின்ற பிறகு ஒன்றின் தொண்டையில் காற்று போய்வரும் சத்தம் மட்டும். இன்னொன்றில் ஈர மரத்தை ரம்பத்தால் அறுப்பதுபோல் கரகரப்பு. மூன்று நிமிடம் கழித்தும் அது அடங்கவில்லை. பார்வைக்கு அழகு அந்த இரண்டாவதுதான், மூக்கும் நீளம். மூக்குத் துளை திறந்திருந்தும் உள்ளே மேலண்ணத் திசு தடித்திருந்தால் இப்படி ஆகும். மூக்கு நீளத்தை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். என் வீட்டில் 0 அல்லது 1 வந்தால் மட்டும் இணை சேர்ப்பேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திரும்பச் சோதிப்பேன்.

கேள்வி (ஹூஸ்டன்): இடுப்பு எக்ஸ்ரே அவசியமா? நாய் நன்றாகத்தான் ஓடுகிறது.

பதில்: என் முதல் பெட்டையும் நன்றாகத்தான் ஓடினாள், பெயர் கருப்பி. ‘பழைய பாணி, முழு ஆரோக்கியம்’ என்று சொல்லி ஒருவர் விற்றார். பெற்றோரின் எக்ஸ்ரேயைக் கேட்டதற்கு, ‘அதெல்லாம் தேவையில்லை, பாருங்கள் எப்படித் துள்ளுகின்றன’ என்றார். நானும் நம்பினேன். ஒன்றரை வயதில், இடுப்பு மூட்டுத் தளர்வை அளக்கும் பென்ஹிப் எக்ஸ்ரே எடுத்தபோது 0.68 வந்தது. பூஜ்யத்துக்கு அருகே இருந்தால் மூட்டு இறுக்கம், ஒன்றை நெருங்கினால் தளர்வு. 0.3-க்குள் இருந்தால் நிம்மதி. அன்று இரவு அவள் என் காலடியில் படுத்திருக்க, ஒரு வருடமாகப் போட்டுவைத்திருந்த திட்டத்தைக் கிழித்துப் போட்டேன். கருத்தடை செய்தோம். பதினொரு வயது வரை எங்களோடு இருந்தாள், கடைசி மூன்று வருடம் படி ஏறவில்லை.

நாய்களின் மூட்டுப் படங்களைப் பார்த்துச் சான்று தரும் ஓஎஃப்ஏ அமைப்புக்கு வந்த புல்டாக் படங்களில் 70 விழுக்காட்டை ஒட்டி இடுப்புக் கோளாறு. பென்ஹிப் 16 வாரத்திலேயே எடுக்கலாம். ஓஎஃப்ஏ இறுதிச் சான்று 2 வயதுக்குப் பிறகே. அதனால்தான் 2 வயதுக்கு முன் எந்த நாயையும் சேர்க்க மாட்டேன்.

கேள்வி (டொராண்டோ): சிசேரியன் இல்லாமல் புல்டாக் குட்டி போடுமா?

பதில்: போட வேண்டும். அதுதான் இந்த முயற்சியின் உரைகல். பிரிட்டனில் 2010-இல் வந்த ஓர் ஆய்வில் புல்டாக் ஈத்துகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் சிசேரியன். குட்டியின் தலை பெரிது, தாயின் இடுப்பெலும்பு குறுகல், வேறென்ன நடக்கும்? பல இடங்களில் இணை சேர்வதே மனிதர் கையால்தான் நடக்கிறது. பழைய பாணி நாய் தானாக இணைய வேண்டும், தானாகப் போட வேண்டும், தானாகப் பாலூட்ட வேண்டும்.

ஆனால் வீம்புக்காகக் காத்திருக்காதீர்கள். கருக்காலம் 63 நாள் கணக்கு. உடல்சூடு ஒரு டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கினால் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் வலி வரும். அரைமணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வரவில்லை, அல்லது முதல் குட்டிக்கு முன்பே பச்சை நீர் வருகிறது என்றால் உடனே மருத்துவமனை. சிசேரியன் ஆன பெட்டையை அடுத்த முறை சேர்ப்பதா வேண்டாமா என்பதைப் பிறகு யோசிக்கலாம். நான் சேர்ப்பதில்லை.

கேள்வி (சிங்கப்பூர்): நீல நிறம், மெர்ல் (திட்டுத்திட்டாக வெளிறிய) நிறக் குட்டிகளுக்கு இரண்டு மடங்கு விலை. எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். மெர்ல் நிறம் புல்டாக் மரபிலேயே கிடையாது. வேறு இனத்திலிருந்து விற்பனைக்காகக் கொண்டுவந்தது. இரண்டு மெர்ல் நாய்களைச் சேர்த்தால் காது கேளாத, கண் தெரியாத குட்டிகள் பிறக்கலாம். நிறத்தைத் தேர்வு செய்ய உட்கார்ந்தால் மூச்சும் மூட்டும் பின்னுக்குப் போய்விடும்.

கேள்வி (மதுரை): சார், இந்த வெயிலுக்கு ஆங்கில புல்டாக்கை ராஜபாளையத்தோடு கலந்தால் நல்ல நாய் வருமா?

பதில்: உங்கள் கவலை புரிகிறது தம்பி. நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்க்காது, பெரும்பாலும் இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். மூச்சுப்பாதை அடைத்த நாய்க்கு மதுரை வெயில் உயிராபத்து. ஆனால் இந்தக் கலப்பு வேண்டாம். ராஜபாளையத்தில் வெள்ளைத் தோலோடு பிறவிச் செவிடு வருவது ஊரறிந்த குறை. வெள்ளை அதிகமான புல்டாக்கிலும் அது உண்டு. இரண்டு செவிட்டுத்தன்மையை ஏன் ஒன்றாகச் சேர்க்க வேண்டும்? ஓடுகிற நாய் வேண்டுமென்றால் காது கேட்கும் நல்ல ராஜபாளையம் ஒன்றையே வளர்த்துவிடுங்கள். வைத்திருக்கும் புல்டாக்கை விடியற்காலையில் மட்டும் நடத்துங்கள், எடை ஏறவிடாதீர்கள்.

கேள்வி (நியூ ஜெர்சி): எடை எவ்வளவு இருக்கலாம்? வேறு என்ன சோதனை?

பதில்: ஓல்ட் இங்கிலிஷ் ஆணுக்கு 27 முதல் 36 கிலோ, பெட்டைக்கு 23 முதல் 32. அதற்குமேல் போகிறதை ‘கனமான எலும்பு’ என்று விற்பார்கள். விலாவில் கை வைத்தால் எலும்பு தட்டுப்பட வேண்டும். சிறுநீரில் யூரிக் அமிலத்தைக் கூட்டும் ஹெச்யுயு என்ற மரபணு மாற்றத்துக்கான சோதனையைத் தவறவிடாதீர்கள். இரு பக்கமிருந்தும் அது வந்த குட்டிக்குக் கல் வரலாம், ஆணுக்கு அடைப்பே ஏற்படலாம். ஒரு பிரதி மட்டும் உள்ள நாயை அந்த மாற்றம் இல்லாத நாயோடு சேர்த்தால் நோயுள்ள குட்டி பிறக்காது. எனவே அதற்காக மட்டும் நல்ல நாயை ஒதுக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே கூடை சிறியது என்றேனே.

கேள்வி (லண்டன்): உங்களிடம் இப்போது குட்டி இருக்கிறதா?

பதில்: இல்லை. ஒரு பெட்டை இருக்கிறாள், பதினெட்டு மாதம். மூச்சு 0, இடுப்பு 0.34. இன்னும் ஆறு மாதம் போகட்டும், ஓஎஃப்ஏ படம் வரட்டும்.